பொதுநல வழக்கறிஞர் ஏன் ஊடகப் பேராசிரியர் ஆகிறார்? மார்க் லாயிட் போன வழி

கேள்வி கேட்டவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் சில வருடங்களாகப் பொதுநல வழக்குகள் நடத்திவரும் இளம் வழக்கறிஞர். ஊடகத் தகவல்தொடர்பு ஆய்வின் பக்கம் போகலாமா என்று யோசிக்கிறார். இப்படி மாறியவர்கள் உண்டா, கோர்ட்டை விட்டு வகுப்பறைக்குப் போவது பின்வாங்குவது ஆகாதா, முனைவர் பட்டம் இல்லாமல் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

மாறியவர்கள் நிறையவே உண்டு. ஆனால் நல்ல முன்மாதிரிகளைத் தேடினால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒளிபரப்பு உரிமம் 1927-ஆம் ஆண்டு வானொலிச் சட்டத்திலிருந்தே பொதுமக்களின் நலன், வசதி, தேவை என்ற நிபந்தனையோடுதான் கொடுக்கப்படுகிறது. பொதுநலன் என்று சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டதால், 'அந்த நலன் எங்கே?' என்று கேட்க ஒரு வழக்கறிஞர் கூட்டமே உருவாகியது. அவர்களில் பலர் பிற்பாடு ஆசிரியர்கள் ஆனார்கள். சார்லஸ் ஃபயர்ஸ்டோன் வாஷிங்டனில் குடிமக்களுக்காக ஒளிபரப்பு வழக்குகள் நடத்திவிட்டு கலிஃபோர்னியாவில் தகவல்தொடர்புச் சட்டம் கற்பிக்கப் போனார். ட்ரேசி வெஸ்டன் விளம்பரங்களுக்கு எதிரான வழக்குகள் நடத்திவிட்டு தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல்தொடர்புத் துறையான அனென்பெர்க் பள்ளியில் பாடம் எடுத்தார். ஆஞ்செலா காம்ப்பெல் ஜார்ஜ்டவுன் சட்டப் பள்ளியில் இருந்துகொண்டே மாணவர்களை வைத்து வழக்கு நடத்தினார். ஆனால் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது செய்தியாளராகத் தொடங்கி, வழக்கறிஞராகி, பிறகு பேராசிரியரான அமெரிக்கர் மார்க் லாயிடைப் பற்றி. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. அதில் எச்சரிக்கைகளும் உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊடகக் கொள்கை வழக்குகள் சட்டப் பிரிவு சரியில்லாமல் தோற்பது அபூர்வம். ஆதாரம் போதாமல்தான் தோற்கின்றன. அந்த ஆதாரத்தைப் பொறுமையாக உட்கார்ந்து தயாரிக்கிற இடம் பல்கலைக்கழகம். ஆகவே வழக்கறிஞர் அங்கே போவது பின்வாங்குவது ஆகாது. கோர்ட்டில் எது கிடைக்காமல் தடுமாறினாரோ அதை எடுத்துவரத்தான் போகிறார்.

இதைப் புரிந்துகொள்ள லாயிடுக்கு ஒரு தலைமுறை முந்தைய வழக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் டபிள்யூ.எல்.பி.டி. என்றொரு தொலைக்காட்சி நிலையம். அதைப் பார்க்கக்கூடிய மக்களில் சுமார் 45 சதவீதம் கறுப்பினத்தவர். 1955-இல் கறுப்பின உரிமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசிய நிகழ்ச்சி ஒன்றில் பேச வந்தபோது, இந்த நிலையம் கேபிள் கோளாறு என்று அட்டை போட்டு அவரை மறைத்தது. இது ஒரு நாள் கதை இல்லை, வருடக்கணக்கில் நடந்த பழக்கம்.

எவரெட் பார்க்கர் என்ற பாதிரியார், யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் சபையின் தகவல்தொடர்பு அலுவலகத்தை நடத்திவந்தவர். 1964-இல் அந்த நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று கூட்டரசு தகவல்தொடர்பு ஆணையத்திடம், அதாவது எஃப்.சி.சி.யிடம், மனு கொடுத்தார். மனு கொடுப்பதற்கு முன் அவர் செய்த வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1964 மார்ச்சில் ஒரு வாரம், உள்ளூர்த் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து, அந்த நிலையம் காலையிலிருந்து இரவுவரை என்ன ஒளிபரப்புகிறது என்று கவனித்துக் குறிப்பெடுக்க வைத்தார். யார் திரையில் வந்தார்கள், யாரை எப்படி அழைத்தார்கள், எந்தச் செய்தி வரவே இல்லை என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். தெரிந்தால் ஆபத்து என்பதால் அவர்களுடைய பெயர்கள் ரகசியமாகவே வைக்கப்பட்டன. ஊடக ஆய்வு படித்தவர்கள் இதை உள்ளடக்கப் பகுப்பாய்வு என்பார்கள். முதுகலை மாணவர்கள் இன்றும் செய்கிற ஆய்வு முறைதான்.

எஃப்.சி.சி. மனுவைத் தள்ளிவிட்டு ஓராண்டு உரிமம் கொடுத்தது. மனு செய்ய உங்களுக்கு உரிமையே இல்லை என்பது வாதம். அதுவரை போட்டி நிலையத்தின் வருமானம் பாதிக்கப்பட்டாலோ, அலைவரிசையில் குறுக்கீடு வந்தாலோ மட்டுமே ஒருவர் தலையிட முடியும். பார்க்கிற மக்களுக்கு எந்த அந்தஸ்தும் கிடையாது. 1966-இல் மேல்முறையீட்டு நீதிபதி வாரன் பர்கர் அதை மாற்றி எழுதினார். பார்வையாளர்களின் பொறுப்பான பிரதிநிதிகளுக்கும் தலையிடும் உரிமை உண்டு என்றார். ஆணையம் மறுபடி விசாரித்து, மறுபடி நிலையத்துக்கே சாதகமாக முடிவெடுத்தது. 1969 ஜூனில் பர்கர் இரண்டாவது தீர்ப்பு எழுதினார். ஆணையம் பொதுமக்களின் ஆதாரத்தை மதிக்கவே இல்லை, உரிமதாரரின் பக்கம் சாய்ந்த ஒரு விநோதமான நடுநிலையைக் கடைப்பிடித்தது என்று கண்டித்து உரிமத்தை ரத்து செய்தார். அடுத்த சில நாட்களில் அவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார். அந்த நிலையத்தை இடைக்காலமாக நடத்த ஓர் அமைப்பு பொறுப்பேற்றது. 1972-இல் வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் அதன் பொது மேலாளர் ஆனார்.

அமெரிக்காவின் ஒளிபரப்புப் பொதுநல வழக்கு மரபு இந்த வழக்கில்தான் தொடங்குகிறது. அதில் முதல் நாளிலிருந்தே ஒரு பக்கம் சட்டம், மறுபக்கம் ஊடக ஆய்வு. பின்னால் வந்த வழக்கறிஞர்கள் முதல் பாதியை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். இரண்டாவது பாதியைப் பலர் மறந்தார்கள். லாயிட் மறக்காதவர்களில் ஒருவர்.

அவர் தொடங்கியது செய்தித் துறையில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதழியலும் அரசியல் அறிவியலும் படித்தார். என்.பி.சி., சி.என்.என். போன்ற இடங்களில் ஒளிபரப்புச் செய்தியாளராக வேலை பார்த்தார், எம்மி விருதும் வாங்கியவர். அப்புறம் ஜார்ஜ்டவுனில் சட்டம். வாஷிங்டனில் ஒளிபரப்பு நிறுவனங்களுக்காக வாதாடும் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் தகவல்தொடர்பு வழக்கறிஞராக இருந்தார். எதிர்த்தரப்பு எப்படி யோசிக்கும், ஆணையத்தின் தாழ்வாரங்களில் காரியம் எப்படி நடக்கும் என்பதை அங்கே தெரிந்துகொண்டிருப்பார். பிறகு பென்டன் அறக்கட்டளையின் சட்ட ஆலோசகர். 1997-இல் தகவல்தொடர்புக் கொள்கைக்கான சிவில் உரிமை அமைப்பு ஒன்றைத் தொடங்கி நடத்தினார். சிவில் உரிமைப் போராட்டம் வாக்கு, வீடு, வேலை, பள்ளி என்று போனதே தவிர அலைவரிசை யார் கையில் என்ற கேள்வியைப் போதுமான அளவு எடுக்கவில்லை என்பதுதான் அந்த அமைப்பின் அடிப்படை எண்ணம்.

அந்தக் காலகட்டம் முக்கியம். 1990-இல் மெட்ரோ பிராட்காஸ்டிங் வழக்கில், சிறுபான்மையினருக்கு உரிமம் வழங்குவதில் முன்னுரிமை தருவது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. உரிமையாளர் மாறினால் நிகழ்ச்சிகளும் மாறுகின்றன என்று காட்டிய ஆய்வுகளை அந்தத் தீர்ப்பு நம்பியிருந்தது. 1995-இல் அடராண்ட் வழக்கு வந்து, அந்தத் தீர்ப்பு கைக்கொண்ட தளர்வான சோதனையைக் கவிழ்த்தது. இனத்தை அடிப்படையாகக் கொண்ட எந்த அரசு நடவடிக்கைக்கும் இனி மிகக் கடுமையான சோதனை, அதற்கேற்ற வலுவான ஆதாரம் வேண்டும் என்றாகிவிட்டது. அதே வருடம் சிறுபான்மையினருக்கு நிலையம் விற்றால் கிடைத்துவந்த வரிச் சலுகையையும் நாடாளுமன்றம் ஒழித்தது. 1996-இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, ஒரு நிறுவனம் நாடு முழுக்க 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை எடுத்துவிட்டது. சில ஆண்டுகளில் ஒரே நிறுவனத்திடம் 1,200-க்கு மேற்பட்ட நிலையங்கள் போய்ச் சேர்ந்தன. கோர்ட் ஆதாரம் கேட்கிறது, சந்தையோ வேகமாகக் கைமாறுகிறது, ஆதாரம் சேகரிக்க ஆளில்லை. லாயிடின் அமைப்பு வேலை தொடங்கியது இந்த நிலைமையில்.

அவர்கள் செய்த ஒரு வேலையைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். வானொலி விளம்பரத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. விளம்பர ஏஜென்சிகள் நேரம் வாங்கும்போது, கறுப்பினத்தவர் கேட்கும் நிலையங்களும் ஸ்பானிஷ் நிலையங்களும் வேண்டாம் என்று முன்கூட்டியே உத்தரவு போட்டுவிடும். அந்த ஊரில் நேயர் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கிற நிலையமாக இருந்தாலும் பட்டியலிலேயே வராது. வாங்கினாலும் அதே எண்ணிக்கை நேயர்களுக்குக் குறைந்த விலைதான். ஒரு விற்பனை நிறுவனத்தின் உள்சுற்றறிக்கை 1998-இல் வெளியே வந்தது. விளம்பரதாரர்களுக்குத் தேவை வாடிக்கையாளர்கள், சந்தேகத்துக்குரியவர்கள் அல்ல என்ற பொருளில் அதில் ஒரு வரி. தொழிலில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் தெரிந்திருப்பது ஆதாரம் ஆகாது. சிவில் உரிமை அமைப்பில் கோஃபி ஒஃபோரி தலைமையில் ஆய்வு நடந்தது. நிலையங்களிடம் கருத்துக்கணிப்பு எடுத்து, நேயர் பங்கையும் வருமானத்தையும் ஒப்பிட்டு, 1999 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டார்கள். முதலிடத்தில் இருந்தாலும் போதவில்லை என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். ஒளிபரப்பு விளம்பர ஒப்பந்தங்களில் இனப் பாகுபாடு கூடாது என்று எஃப்.சி.சி. விதி கொண்டுவந்தது 2007 டிசம்பரில். எட்டு வருடத்துக்கு மேல் ஆனது. ஆனால் அந்த விதியை யாரும் வெறும் ஆவேசப் பேச்சால் வாங்கிவிடவில்லை. பின்னால் அட்டவணைகள் இருந்தன.

2002-இல் லாயிட் எம்.ஐ.டி.யில் மார்ட்டின் லூதர் கிங் பெயரிலான வருகைதரு அறிஞராகச் சேர்ந்தார். இரண்டு வருடம் தகவல்தொடர்புக் கொள்கை கற்பித்துக்கொண்டே எழுதினார். அங்கிருந்துதான் அவருடைய ஆய்வுப் பக்கம் முழுதாகத் தெரியத் தொடங்குகிறது. இலினாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'ப்ரோலாக் டு எ ஃபார்ஸ்' அவருடைய முக்கியமான புத்தகம். ஜேம்ஸ் மேடிசன் 1822-இல் ஒரு கடிதத்தில் எழுதிய வரியிலிருந்து தலைப்பை எடுத்தார். மக்களுக்குத் தகவலும் அதை அடையும் வழியும் இல்லாத மக்களாட்சி ஒரு கேலிக்கூத்துக்கோ அவலத்துக்கோ, அல்லது இரண்டுக்குமோ முன்னுரைதான் என்பது மேடிசனின் கருத்து. இந்தப் புத்தகத்தை ஒரு வழக்கறிஞர் எழுதியிருக்கிறார் என்பது படிக்கும்போதே தெரியும். ஆரம்பகால அமெரிக்கா தபால் சேவையை ஜனநாயகத்துக்கான அரசுப் பணியாகக் கட்டியதையும், பிறகு தந்தி தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தத் தனியார்மயம் இயற்கையாக வந்தது அல்ல, ஒவ்வொரு கட்டத்திலும் எடுக்கப்பட்ட கொள்கை முடிவு என்று வழக்குபோல வாதிடுகிறார். சந்தை அப்படித்தான் இருக்கும் என்று தோளைக் குலுக்கிக்கொள்பவர்களுக்கு அது நல்ல பதில். நான் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பது இதைத்தான். பொது ஒளிபரப்புக்கு நிதி திரட்ட வணிக நிலையங்களிடம் பெரிய கட்டணம் வசூலிக்கும் யோசனை போன்ற இடங்களில் எனக்கு முழு உடன்பாடு இல்லை என்றாலும் பரிந்துரைக்கிறேன்.

அதன் பிறகு வாஷிங்டனின் ஓர் ஆய்வு மையத்தில் இருந்தபோது, 2007-இல், அரசியல் பேச்சு வானொலி பற்றிய ஓர் அறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்தார். ஐந்து பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தமான 257 செய்தி, பேச்சு நிலையங்களை எடுத்துப் பார்த்தால், வார நாட்களில் வந்த அரசியல் பேச்சில் 91 சதவீதம் வலதுசாரி, 9 சதவீதம் முற்போக்கு என்றது அறிக்கை. பெண்களும் சிறுபான்மையினரும் உள்ளூர்க்காரர்களும் நடத்தும் நிலையங்களில் வலதுசாரி நிகழ்ச்சி குறைவு என்றும் சொன்னது. இதற்கு அறிக்கை சொன்ன மருந்தைக் கவனியுங்கள். எந்தச் சர்ச்சையிலும் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்ற பழைய நியாய விதி 1987-இலேயே கைவிடப்பட்டிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவருவது தீர்வாகாது, உரிமை ஒரே இடத்தில் குவிவதைத்தான் தடுக்க வேண்டும் என்றார்கள். உள்ளடக்கத்தில் கை வைக்காதே, யார் சொந்தக்காரர் என்பதைக் கவனி. சட்டம் தெரிந்தவர் எழுதினால்தான் இப்படி வரும்.

2009 ஜூலையில் எஃப்.சி.சி. அவரை இணைத் தலைமைச் சட்ட ஆலோசகராகவும் பன்முகத்தன்மைக்கான தலைமை அதிகாரியாகவும் நியமித்தது. அடுத்த சில வாரங்களில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் க்ளென் பெக் அவரைத் தொடர்ந்து குறிவைத்தார். பன்முகத்தன்மையின் ஜார் மன்னர் என்று பட்டம் சூட்டினார்கள். நியாய விதியைப் பின்கதவு வழியாகக் கொண்டுவரப் போகிறார் என்றார்கள். அவர் ஆசிரியர்களில் ஒருவராக இருந்த அறிக்கையோ அதற்கு நேர் எதிராகச் சொன்னது! செனட்டர் சக் கிராஸ்லி ஆணையத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். 2008-இல் ஊடகச் சீர்திருத்த மாநாடு ஒன்றில் வெனிசுலாவின் புரட்சியைப் பாராட்டும் தொனியில் லாயிட் பேசிய பேச்சின் துண்டு திரும்பத் திரும்ப ஓடியது. அந்த டிசம்பரில் ஒரு பொது மேடையில், நியாய விதியைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் தனக்கு இல்லை என்று அவரே விளக்க வேண்டியதாயிற்று. பணியில் 2012 வரை தொடர்ந்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

நீங்கள் அவசியம் யோசிக்க வேண்டிய இடம் இது. வழக்கறிஞர் கோர்ட்டில் பேசுவது கட்சிக்காரருக்காக. நேற்று ஒரு தரப்பு, இன்று மறு தரப்பு என்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தத் தொழிலின் பாதுகாப்பு அது. ஆய்வாளராக எழுதும் ஒவ்வொரு வரியும் உங்களுடையது. மாநாட்டில் வாய்விட்டுச் சொன்னதும் உங்களுடையதுதான். லாயிட் வெனிசுலா பற்றிச் சொன்ன விதம் கவனக்குறைவானது என்பதே என் அபிப்பிராயம். அதற்காக அவருக்குச் செய்தது அநியாயம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. பொதுநல வழக்கறிஞராகப் பெயர் எடுத்தவர் ஆய்வுப் பக்கம் வரும்போது, 'இவர் ஏற்கெனவே ஒரு தரப்பைச் சேர்ந்தவர்' என்ற சந்தேகமும் கூடவே வரும். அதைச் சமாளிக்க ஒரே வழி, உங்கள் தரவை எதிராளியும் எடுத்துச் சரிபார்க்கிற மாதிரி வைப்பதுதான்.

எஃப்.சி.சி.யை விட்டு வந்ததும் அவர் வாஷிங்டனில் ஓர் ஊடகக் கொள்கைத் திட்டத்தை நடத்தினார். பிறகு அனென்பெர்க் பள்ளியில் தகவல்தொடர்புப் பேராசிரியர், அப்புறம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். 2016-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஃப்ரீட்லாண்டோடு சேர்ந்து அமெரிக்காவின் தகவல்தொடர்பு நெருக்கடி பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றைப் பதிப்பித்தார். பல துறை ஆய்வாளர்களைக் கூட்டிவந்து, ஒரு ஊரில் வாழும் மனிதருக்கு எந்தத் தகவல் கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்று கேட்கிற தொகுப்பு அது.

இந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி இருக்கிறது. 2002 ஜனவரியில் வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரத்தருகே நள்ளிரவைத் தாண்டி ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டு அம்மோனியா கசிந்தது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். ஊரின் 6 வணிக வானொலி நிலையங்களும் ஒரே நிறுவனத்திடம் இருந்தன. காவல்துறை அழைத்தபோது உடனே எடுத்து எச்சரிக்கை ஒலிபரப்ப ஆள் கிடைக்கவில்லை. அவசர எச்சரிக்கைக் கருவியை அதிகாரிகள் சரியாக அமைக்கவில்லை என்று நிறுவனம் பதில் சொன்னது. யார் பக்கம் தவறு என்ற வாதம் இன்னும் இருக்கிறது. ஆனால் மக்களுக்கு எந்தத் தகவல் இன்றியமையாதது, அது அவர்களை எந்த வழியாக அடைகிறது என்று யாரும் முறையாக அளந்து வைத்திருக்கவில்லை என்பது தெளிவானது.

2012-இல் ஃப்ரீட்லாண்டும் அனென்பெர்க் குழுவினரும் எஃப்.சி.சி.க்காக ஓர் ஆய்வுத் தொகுப்பைத் தயாரித்து, எட்டு இன்றியமையாத தகவல் தேவைகளை வகுத்தார்கள். அவசரநிலை, உடல்நலம், கல்வி, போக்குவரத்து, பொருளாதார வாய்ப்பு, சுற்றுச்சூழல், குடிமைத் தகவல், அரசியல் தகவல் என்பவை அவை. இதை அடிப்படையாக வைத்து எஃப்.சி.சி. கள ஆய்வுக்குத் திட்டமிட்டது. தென் கரோலினாவின் கொலம்பியாவில் முன்னோட்டம் நடத்துவதாக இருந்தது. அதில் செய்தி அறைகளுக்குப் போய், எந்தச் செய்தியை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், உங்கள் செய்திக் கொள்கை என்ன என்று கேட்கும் பகுதியும் இருந்தது. 2014 பிப்ரவரியில் ஆணைய உறுப்பினர் அஜித் பை பத்திரிகையில் எதிர்ப்புக் கட்டுரை எழுதினார். உரிமம் கொடுக்கிற ஆணையம் செய்தி ஆசிரியரிடம் வந்து இதைக் கேட்கலாமா என்றார். சில வாரங்களில் ஆய்வு கைவிடப்பட்டது.

எனக்கு எஃப்.சி.சி.யின் நோக்கத்தில் அனுதாபம் உண்டு. ஆனால் பை கேட்ட கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். உரிமத்தைப் புதுப்பிக்கும் அதிகாரம் உள்ளவர் கேட்கும் கேள்வி, எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும், அதட்டலாகத்தான் கேட்கும். அதே கேள்வியை ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் கேட்டால் ஆசிரியர் தேநீர் கொடுத்துப் பேசுவார், பிடிக்காவிட்டால் கதவைச் சாத்துவார், எந்தப் பாதகமும் இல்லை. ஆணையமும் இதைச் செய்யக் கூடாது, மனுதாரருக்கும் இதைச் செய்ய வசதி கிடையாது என்றால் மிச்சம் இருப்பது பல்கலைக்கழகம்தான்.

ஆதாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ப்ரோமிதியஸ் வழக்கு. 2003-இல் எஃப்.சி.சி. ஊடக உரிமை வரம்புகளைத் தளர்த்தியது. சிறு வானொலிகளுக்காகப் பாடுபடும் ஃபிலடெல்பியா அமைப்பு ஒன்றும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004 முதல் 2019 வரை திரும்பத் திரும்ப ஆணையத்தைத் தடுத்தது. 2019-இல், சிறுபான்மையினரின் உரிமை பற்றி ஆணையம் காட்டிய கணக்கு புள்ளியியலின் அறிமுக வகுப்பில்கூடத் தேறாது என்ற அளவுக்கு நீதிபதிகள் எழுதினார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் 2021 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைக் கவிழ்த்தது. தரவில் இடைவெளி இருப்பதை ஆணையமே ஒப்புக்கொண்டது, வேறு ஆய்வு இருந்தால் கொடுங்கள் என்று பல முறை கேட்டது, எதிர்த்தவர்கள் தந்த இரண்டு ஆய்வுகளும் பின்னோக்கிப் பார்த்தவை மட்டுமே, விதியை மாற்றினால் பாதிப்பு வரும் என்று காட்டவில்லை என்றார் நீதிபதி கவனா. பதினேழு வருட வழக்கு, திறமையான வழக்கறிஞர்கள், கடைசியில் குறுக்கே நின்றது ஒரு நல்ல புள்ளியியல் ஆய்வு இல்லாத குறை. இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு 'வகுப்பறைக்குப் போவது ஓடிப்போவது' என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். அலைவரிசை பொதுச் சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1995-இல் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் சொல்லிவிட்டது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி வந்தது அந்தப் பாதையில்தான். ஆனால் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு, எங்கள் மாவட்டத்தில் யாருக்கு என்ன தகவல் கிடைக்கவில்லை என்று காட்டும் ஆய்வு கையோடு வந்து நிற்கும் மனுக்கள் குறைவு. நம் பொதுநல மனுக்களில் பெரும்பாலும் பத்திரிகைச் செய்தித் துணுக்குகள்தான் இணைப்பு. பார்க்கர் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய குறிப்புகளை இங்கே ஒரு கல்லூரி வகுப்பே செய்துவிட முடியும். உள்ளூர்ச் செய்தி அலைவரிசைகளை அந்த எட்டுத் தலைப்புகளில் ஒரு மாதம் கவனித்துக் கணக்கெடுங்கள். அதுவே நல்ல ஆய்வுக் கட்டுரை, நாளைக்கு நல்ல இணைப்பு ஆவணமும்கூட. பார்த்ததை வகை பிரித்துக் குறியிடும் முறையை மட்டும் ஆய்வு தெரிந்தவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒத்துப்போகிறதா என்று பார்க்காத கணக்கு எதிர்த்தரப்பின் முதல் கேள்வியிலேயே சாய்ந்துவிடும்.

பட்டம் பற்றிய கேள்வி. அமெரிக்காவில் லாயிட் சட்டப் பட்டத்தோடும் கள அனுபவத்தோடும் போனார், அங்கே தொழில் அனுபவத்துக்கென்றே பேராசிரியர் பதவிகள் உண்டு. இங்கே வழக்கமான உதவிப் பேராசிரியர் பதவிக்கு அந்தந்தப் பாடத்தில் முதுகலையும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு போன்ற தகுதியும் வேண்டும். ஆகவே ஊடகத் துறைக்குள் நேராகப் போக விரும்பினால் இதழியல், தகவல்தொடர்பில் முதுகலையும் பிறகு முனைவர் பட்டமும் செய்வதுதான் யதார்த்தம். சட்டத்தில் எல்.எல்.எம். முடித்துவிட்டு ஊடகச் சட்டத்தைச் சிறப்புப் பாடமாக வைத்துக்கொள்வது இன்னொரு வழி. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் தகவல்தொடர்பு ஆளுகைக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, அவர்கள் வெளியிடும் அறிக்கைகளைப் படித்தால் இந்த இரண்டு துறையும் சேர்ந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரியும். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அறிவித்த 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' பதவிக்கு முறையான கல்வித் தகுதி கட்டாயம் இல்லை, ஆனால் 15 வருட அனுபவம் கேட்கிறார்கள். உங்களுக்கு அது இன்னும் தூரம்.

உடனே வேலையை விட வேண்டாம். பார் கவுன்சிலின் 1979-ஆம் ஆண்டு விதிப்படி, வழக்கறிஞராக இருந்துகொண்டே நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மிகாமல் பல்கலைக்கழக இணைப்புள்ள கல்வி நிறுவனத்தில் சட்டம் கற்பிக்கலாம். விஷுவல் கம்யூனிகேஷன், இதழியல் துறைகளில் ஊடகச் சட்டம் என்று ஒரு தாள் பெரும்பாலும் இருக்கும், அதை நடத்தச் சட்டம் தெரிந்த ஆள் கிடைக்காமல் பல கல்லூரிகள் திண்டாடுகின்றன. ஒரு வருடம் அதை எடுத்துப் பாருங்கள், அந்த வகுப்பை வைத்தே முதல் கணக்கெடுப்பையும் நடத்துங்கள். முழுநேரச் சம்பள வேலைக்குப் போவதாக முடிவானால் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து வழக்காடுவதை நிறுத்திவைக்க வேண்டும். பதிவு போய்விடாது, வேலையை விட்டதும் மறுபடி தொடரலாம்.